சொகுசுக் கார்: புதியதா, பழையதா?

சங்க அலுவலகத்துக்கு வரும் அன்பர்கள் வழக்கமாக எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. படிவம் பற்றித்தான் கேட்பார்கள். கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஒரு பெரிய கார் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். புதியதாக எடுக்கவா, பழையதாக எடுக்கவா?" கேட்பவர்கள் புதுப்பணக்காரர்கள் அல்லர். டி.வி.எஸ். 50-ல் முன்னும் பின்னும் மூட்டை கட்டிக்கொண்டு கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து சரக்கு ஏற்றி வந்தவர்கள். இன்று கல்லாவில் மகன் உட்கார்ந்திருக்கிறார். பெண் கொடுத்த இடத்துக்கு ஒரு நல்ல வண்டியில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசையில் தவறு ஏதும் இல்லை. ஆகவே வாங்கலாமா, கூடாதா என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. வாங்குவது என்று முடிவு செய்தவருக்கு எங்கெங்கே காசு கரையும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காருக்கும் நம் வட்டாரத்துக்கும் உறவு புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டித் தந்த கம்பெனி. 1955-ல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. சொகுசுக் கார் என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணமும் இனிச் சரியல்ல. 1995-ல் மெர்சிடஸ் பென்ஸ் புனேயில் வண்டி பூட்டத் தொடங்கியது. 2007-ல் பி.எம்.டபிள்யூ, மறைமலைநகருக்கு அப்பால் மகேந்திரா சிட்டியில் ஆலை திறந்தது. சென்னைவாசி வாங்கும் 3 சீரிஸ் செங்கல்பட்டுச் சாலையிலிருந்து வருகிறது. விலை மட்டும் ஜெர்மனியிலிருந்து வருவதுபோல் இருக்கும்!

நடுத்தரச் சொகுசு செடான் என்றால் எவை? பென்ஸ் சி கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4 ஆகியவை ஒரு வரிசை. அதற்குப் பக்கத்தில் டொயோட்டா கேம்ரி, ஸ்கோடா சூப்பர்ப் என்று இன்னொரு வரிசை. இவை சொகுசுக் கம்பெனிகளின் பெயரில் வராவிட்டாலும், பின் இருக்கையில் உட்காருபவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. கேம்ரி பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் என்பதால் ஊருக்குள் எண்ணெய்ச் செலவு குறைவு. பெயருக்காக வாங்குகிறோமா, வசதிக்காக வாங்குகிறோமா என்பதை வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட்டால் பத்துப் பதினைந்து லட்சம் மிச்சமாகலாம்.

புதிய வண்டியின் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதம். அதற்கு முன் இத்தகைய செடான்களுக்கு 28 சதத்தோடு செஸ் சேர்ந்து 45, 48 என்று போயிற்று. ஆக, வரி குறைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், "உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாமே" என்று நினைக்கிறார்கள். முடியாது. ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை அமரும் வண்டிக்கு, டாக்சி, ஓட்டுநர் பயிற்சி, கார் வியாபாரம் போன்ற சில தொழில்களைத் தவிர, உள்ளீட்டு வரி கிடையாது. அந்த வண்டியின் இன்சூரன்சுக்கும் பழுதுபார்ப்புக்கும் கட்டிய வரியும் அப்படியே. எடுத்துவிட்டு, பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுவது வேண்டாத வேலை.

அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதம். ஷோரூம் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஆயுள் வரி 12 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் விற்பவர் 1 சதம், அதாவது 60,000 ரூபாய், வருமான வரி பிடித்துக் கட்டுவார். இது செலவல்ல, நம் வரிக்கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் கையிலிருந்து போக வேண்டும். இன்சூரன்சும் மற்றதும் சேர்த்தால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது 75 லட்சம் என்று கொள்ளலாம்.

இதில் 50 லட்சம் கடன், 25 லட்சம் கைப்பணம் என்று வையுங்கள். 9 சத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 1,03,800 ரூபாய். வட்டி மட்டும் 12 லட்சத்துக்கு மேல். இதை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கைப்பணம் 25 லட்சத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது சும்மா இருந்த பணமா? எண்ணெயிலும் பருப்பிலும் வருடத்துக்குப் பத்து முறை சுழன்ற முதல். சுழற்சிக்கு 2 சதம் நின்றால்கூட வருடத்துக்கு 5 லட்சம். அந்த வருமானம் நின்றுபோகிறது என்பதை எந்த ஷோரூம் விற்பனையாளரும் சொல்லமாட்டார்.

இன்னொரு பக்கம் வண்டியின் மதிப்பு விழுகிறது. சொகுசு செடான் நான்கைந்து வருடத்தில் பாதி விலைக்கு வந்துவிடுவது சகஜம். அம்பாசடர் காலத்து நினைப்பில், ஓட்டிவிட்டு அதே விலைக்கு விற்கலாம் என்று எண்ண வேண்டாம். அம்பாசடரே 2014-ல் நின்றுவிட்டது.

இந்த விழுச்சியே பழைய வண்டி வாங்குபவருக்கு லாபம். முதல் உடையவர் கட்டிய ஆயுள் வரி வண்டியோடு வருகிறது. நம் மாநிலப் பதிவுள்ள, நான்கைந்து வயதான, ஒரே கை ஓட்டிய காரை 30 லட்சத்துக்கு வாங்குபவர், புதிய வண்டிக்காரரின் விழுச்சியில் பெரும் பகுதியைத் தவிர்த்துவிடுகிறார். ஆனால் விலைதான் பாதியாகும். உதிரிப்பாகத்தின் விலையும் சர்வீஸ் கூலியும் பாதியாகாது. 60 லட்சம் காரின் முன்விளக்கு, 30 லட்சத்துக்கு வாங்கினாலும் 60 லட்சம் காரின் முன்விளக்குதான். ஆகவே பழைய வண்டி வாங்குபவர், விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடப் பராமரிப்புக்குத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது. அது முடியாதென்றால் அந்த வண்டி நமக்கு இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாமே ஏமாந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கருதி உடையவருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் குப்பைக்கா போடுவார்? கழுவி, உலர்த்தி, இருக்கை உறை மாற்றி, பளபளவென்று சந்தைக்குக் கொண்டு வருவார்.

2016-ல் ஒரு தரகர் மூலம் அப்படி ஒரு ஜெர்மன் வண்டி நம்மிடம் வந்து சேர்ந்தது. கம்பெனியின் பெயரும் தரகரின் பெயரும் வேண்டாம். வண்டி பார்க்கப் புதிது போல் இருந்தது. விலையும் சந்தையைவிட இரண்டு லட்சம் குறைவு. குறைந்த விலைக்கு வரும் மிளகாய் வற்றலை மூட்டையின் அடிவரை குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் வாங்குவோமா? காரை மட்டும் மேலாகப் பார்த்து வாங்கிவிட்டோம். நான்கு மாதம் ஓடியது. பிறகு ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஒரு வாரத்தில் கியர் மாறவில்லை. சர்வீஸ் நிலையத்தில் தரைவிரிப்பைக் கிளப்பியபோது அடியில் விரற்கடை கனத்துக்கு வண்டல் இருந்தது. அவர்கள் கொடுத்த மதிப்பீடு, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தீபாவளிக்கு ரொக்கத்துக்கு எடுக்க வேண்டிய எண்ணெயையும் பருப்பையும் கடனுக்கு எடுத்தோம். முப்பது வருடமாக ரொக்கம் கொடுத்துவந்த மண்டியில் "அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொன்ன அந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் வடசென்னையில் தெருத்தெருவாக வண்டிகள் மூழ்கின. அந்த வண்டிகளில் சில இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும். அதனால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் போதும், மேற்கொண்டு பேச வேண்டாம். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துருவைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைக் கை விட்டுத் தடவுங்கள். விளக்குக்குள் நீராவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஊதுவத்தி வாசமோ சென்ட் வாசமோ தூக்கலாக இருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டுபோய்க் கணினி பூட்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கட்டணம் உண்டு. ஆனால் நாம் இழந்ததோடு பார்த்தால் அது சுண்டைக்காய். பரிசோதனைக்கு வண்டியை அனுப்ப மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால், சாதாரண இன்சூரன்சில் அது பொதுவாக வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியே ஒரு சேர்ப்பு உண்டு. நம் பகுதிவாசிகள் அதை அவசியம் எடுக்க வேண்டும். அதை எடுத்தவரும் தண்ணீரில் நின்ற வண்டியின் பொத்தானை அழுத்தாமல், இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் உத்தமம்.

கடல் காற்றும் கண்டெய்னர் லாரியும்

நம் சாலைகளை ஷோரூம்காரர் பார்த்திருக்கமாட்டார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஊர்ந்து, பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டிக்குத் தாழ்ந்த அடிப்பாகமும் மெல்லிய டயரும் சங்கடம். பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர் வரும். ஆனால் ஸ்டெப்னி இராது. டயரின் விலையும் கூடுதல். வாங்குமுன் ஒரு டயரின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டியானால், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2321 என்றிருந்தால் 2021-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வண்டி 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், நான்கு டயரும் புதிது என்றால், மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

காசிமேட்டு உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்னும். வெளியில் நிறுத்துபவர்கள் மாதம் ஒருமுறையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நீளத்தையும் அளந்துவிடுங்கள். இந்த வண்டிகள் ஏறத்தாழ நாலேமுக்கால் மீட்டர், கண்ணாடி நீங்கலாக 1.8 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். நம் சந்துகளில் இரவில் நிறுத்த இடமில்லாமல், அடுத்த வீட்டாரோடு மனஸ்தாபம் ஆனவர்களை அறிவோம்.

டீசலா, பெட்ரோலா? 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால்தான் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கடைக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது அடைத்துக்கொண்டு தொல்லை தரும். மாதாமாதம் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ ஊருக்குப் போகிறவருக்கு டீசல் சரி. செங்குன்றம் அரிசி ஆலைக்குப் போய் வருவதோடு சரி என்பவருக்குப் பெட்ரோலே சரி. பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போக இரண்டும் வேண்டாம். 2021-ல் வந்த மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் ஏறி மண்ணடியில் இறங்குவதுதான் மலிவு. பழைய பெட்ரோல் வண்டியானால் எண்ணெய் மூடியின் உட்புறத்தில் எத்தனால் அளவு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2023-க்கு முன் வந்த பல வண்டிகள் 20 சத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

வெளிமாநில வண்டி

தில்லியில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின், அங்கிருந்து மலிவு விலைக்கு வண்டிகள் தெற்கே வந்தன. 2025-ல் நீதிமன்றம் சற்றுத் தளர்த்தியது. ஆனாலும் வரத்து இருக்கிறது. புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் நிறைய. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் பதிவை மாற்றியாக வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரி, அலைச்சல். இவற்றைக் கூட்டினால் மலிவு காணாமல் போகும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற வழியுண்டு என்று தரகர் சொல்வார். அதை நம்பி விலை பேசாதீர்கள்.

ஆடிட்டரிடம் முதலில் போங்கள்

வருமான வரியில் காருக்கு வருடம் 15 சதம் தேய்மானம் உண்டு. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதி. குடும்பத்துக்கு ஓடும் பங்கை அதிகாரி குறைக்கலாம். ஆனால் நம்மவர்களில் பலர் விற்றுமுதலில் 6 சதமோ 8 சதமோ லாபம் என்று காட்டும் உத்தேச வரித் திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தேய்மானம் தனியாகக் கிடையாது. "கார் எடுத்தால் வரி மிச்சம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தவர்களுக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்று. 1 சத வரிப் பிடித்தம் நம் நிரந்தரக் கணக்கு எண்ணில் பதிவாகிறது. வருடம் 6 லட்சம் வருமானம் காட்டியவர் பெயரில் 60 லட்சம் கார் என்றால் கேள்வி வரும். பதில் சொல்ல ஐந்தொகை தயாராக இருக்க வேண்டும். பழைய வண்டி விற்பவர் "பாதி ரொக்கமாகக் கொடுங்கள்" என்றால் ஒப்ப வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். நமக்கோ, ரொக்கமாகக் கொடுத்த பகுதிக்குத் தேய்மானம் கிடையாது. பிற்பாடு விற்கும்போதும் அந்தத் தொகை கணக்கில் இராது.

கடைப் பெயரில் தேய்மானம் எழுதிய காரை நாம் விற்கும்போது ஜி.எஸ்.டி. எப்படி? 2025 ஜனவரி முதல் பழைய கார்களுக்கு 18 சதம். ஆனால் முழு விலைக்கு அல்ல. 30 லட்சத்துக்கு வாங்கியது, மூன்று வருடத் தேய்மானத்துக்குப் பின் புத்தகத்தில் சுமார் 18,42,000 நிற்கும். 17 லட்சத்துக்கு விற்றால் வரி இல்லை. 20 லட்சத்துக்கு விற்றால் மிகுதியான 1,58,000-க்கு மட்டும், அதாவது 28,000 ரூபாய் அளவில் வரி.

கடைசியாகத் தாள்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உடையவர், கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் சான்றும் 35-ஆம் படிவமும், பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களும் வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டும் பழக்கம் ஆபத்து. இன்சூரன்சை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. பழைய உடையவரின் 'நோ க்ளெய்ம்' தள்ளுபடி அவருடையது, வண்டியோடு வராது. சாவி இரண்டு இருக்க வேண்டும். இந்த வண்டிகளின் ஒரு சாவியைப் புதிதாகச் செய்ய ஆகும் செலவைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். இரண்டாவது சாவி கையில் வரும்வரை பாக்கித் தொகைக்கான காசோலையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.